பயாஸ் புதுப்பித்தல் பாதியில் நின்றுபோன மேசைக்கணினியை மீட்பது எப்படி?

கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் அடிப்படை நிரலான பயாஸைப் புதுப்பிக்கும்போது மின்சாரம் போனாலோ, வேறு மாடலுக்கான கோப்பு ஏறிவிட்டாலோ, அடுத்த முறை பவர் பட்டனை அழுத்தும்போது மின்விசிறிகள் மட்டும் சுழலும்; திரை கறுப்பாகவே இருக்கும். பதற வேண்டாம். பயாஸ் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில் அன்று. மதர்போர்டில் எட்டுக் கால்களோடு ஒட்டப்பட்டிருக்கும், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு ஃப்ளாஷ் சிப்பில் அது இருக்கிறது. உங்கள் படங்களும் ஆவணங்களும் பத்திரமாகவே இருக்கும். சிப்பில் பாதி எழுதப்பட்டு நின்றுபோனதை மீண்டும் முழுமையாக எழுதுவதுதான் நம் வேலை.

முதல் படி: காத்திருங்கள்

புதுப்பித்தல் முடிந்ததும் பழைய அமைப்புகள் அழிந்துவிடுவதால், கணினி ரேமின் வேகத்தையும் நேரக் கணக்குகளையும் புதிதாகச் சோதித்துப் பார்க்கும். டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் உள்ள கணினிகளில் இதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம். அதுவரை திரையில் எதுவும் வராது, கணினி தானாகவே இரண்டு மூன்று முறை அணைந்து எரியவும் கூடும். ஐந்தாவது நிமிடத்தில் பொறுமையிழந்து பிளக்கைப் பிடுங்கி, நன்றாக இருந்த ஒரு கணினியை நானே முடக்கியிருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்: கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம் விட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: அமைப்புகளை அழியுங்கள்

அதன் பிறகும் திரை வராவிட்டால், மின்கம்பியைக் கழற்றிவிட்டு, உள்ளே தேங்கிய மின்சாரம் வடிவதற்காகப் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பின்பு மதர்போர்டில் உள்ள, நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பொருத்துங்கள். அமைப்புகளை அழிப்பதற்கென்றே உள்ள, கிளியர் சிமாஸ் என்ற இரண்டு ஊசிகள் எங்கே இருக்கின்றன என்று கையேட்டில் பார்த்து, அவற்றை ஸ்க்ரூடிரைவர் முனையால் சில விநாடி இணைப்பதும் இதே பலனைத் தரும். ஒரே ஒரு ரேமை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றி வைத்துப் பாருங்கள். திரைக் கம்பி கிராபிக்ஸ் கார்டில்தான் செருகப்பட்டிருக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள். சிரிப்பாக இருந்தாலும், இதுவே காரணமாக இருப்பதும் உண்டு.

மூன்றாம் படி: ஃப்ளாஷ்பேக் பட்டன்

மதர்போர்டின் பின்புறம், யுஎஸ்பி துளைகளுக்கு அருகில் ஃப்ளாஷ்பேக், ஃப்ளாஷ் பயாஸ் அல்லது கியூ-ஃப்ளாஷ் பிளஸ் என்று எழுதிய சிறு பட்டன் இருந்தால் உங்கள் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. அதை இயக்கும் கட்டுப்பாட்டுச் சிப் தனியானது என்பதால், பயாஸ் முழுவதும் அழிந்திருந்தாலும், ஏன், பிராசஸரே இல்லாவிட்டாலும்கூட அது வேலை செய்யும்.

வேறொரு கணினியில், உங்கள் போர்டின் மாடல் பெயரையும் அதன் பதிப்பு எண்ணையும் போர்டின் மேலேயே படித்துச் சரிபார்த்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பயாஸ் கோப்பை இறக்குங்கள். பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, இறக்கிய ஜிப் என்ற சுருக்கப்பட்ட கோப்பைப் பிரித்து, உள்ளிருக்கும் கோப்பை மட்டும் எந்தக் கோப்புறையிலும் வைக்காமல் நேரே அதில் போடுங்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது கோப்பின் பெயரில்தான். எம்எஸ்ஐ போர்டுகள் பலவற்றில் கோப்பின் பெயர் 'எம்எஸ்ஐ' என்றும் நீட்டிப்பு, அதாவது புள்ளிக்குப் பின் வரும் பகுதி, 'ரோம்' என்றும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஜிகாபைட் போர்டுகளில் நிறுவனத்தின் பெயரும் 'பின்' என்ற நீட்டிப்பும். ஆசஸில் ஜிப்போடு வரும் பெயர்மாற்றிச் செயலியே அதைச் செய்துவிடும். விண்டோஸ் வழக்கமாக நீட்டிப்பை மறைத்துக் காட்டுவதால், நீங்கள் புதிய நீட்டிப்பை எழுதினாலும், மறைந்திருக்கும் பழைய நீட்டிப்பு அதன் பின்னால் ஒட்டிக்கொண்டே இருக்கக்கூடும். போர்டு அதைக் கண்டுகொள்ளாது. எனவே முதலில் நீட்டிப்புகளைக் காட்டும்படி விண்டோஸ் அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது மின்கம்பியைச் செருகி, எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டு, கணினியை இயக்காமலேயே வைத்துக்கொள்ளுங்கள். பட்டனுக்கென்று குறிக்கப்பட்ட யுஎஸ்பி துளையில் பென் டிரைவைச் செருகி, பட்டனை மூன்று விநாடியாவது அழுத்துங்கள். விளக்கு சிமிட்டத் தொடங்கினால் எழுதும் வேலை நடக்கிறது என்று பொருள். ஆசஸ் போர்டில் சில விநாடி சிமிட்டிவிட்டு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கோப்பின் பெயரோ பென் டிரைவோ சரியில்லை. சிமிட்டல் தானாக அணையும்வரை எதையும் தொடாதீர்கள்.

நான்காம் படி: பட்டன் இல்லாதபோது

ஜிகாபைட்டின் பழைய போர்டுகள் பலவற்றில் இரண்டாவது பயாஸ் சிப் ஒன்று இருந்து, முதலாவது கெட்டால் அதுவே பொறுப்பேற்கும். டெல் கணினிகளில் கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தியபடி இயக்கினால் மீட்புத் திரை வருவது உண்டு. எதுவும் பலிக்காவிட்டால் மிஞ்சுவது, சிஎச்341ஏ போன்ற சிறு புரோகிராமர் கருவியை ஒரு கிளிப் மூலம் சிப்பின் கால்களில் மாட்டி, வேறு கணினியிலிருந்து நேரடியாக எழுதுவது. இதில் எனக்குள்ள பயம் ஒன்றே: சில சிப்கள் 3.3 வோல்ட், சில 1.8 வோல்ட்; சிப்பின் முதுகில் உள்ள எண்ணைப் படித்து அதன் மின்னழுத்தத்தை உறுதி செய்யாமல் கிளிப்பை மாட்டினால் சிப் எரிந்துவிடக்கூடும். எழுதுவதற்கு முன் உள்ளிருப்பதை இருமுறை படித்து, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்டுச் சேமித்து வையுங்கள். போர்டின் வரிசை எண்ணும் வலைப்பின்னல் முகவரியும் அதில்தான் இருக்கக்கூடும். கை நடுங்குபவர்கள் இந்தப் படியை மட்டும் பழுதுபார்ப்பவரிடம் விடுவது நல்லது.

திரை வந்த பிறகு

விண்டோஸ் நீலத் திரையைக் காட்டினால், பயாஸ் அமைப்பில், கணினி டிஸ்க்கோடு பேசும் விதமான சாட்டா முறை முன்பு ரெய்டாக இருந்து இப்போது ஏஎச்சிஐ ஆக மாறியிருக்கிறதா என்று பார்த்து, பழையபடி வையுங்கள். டிஸ்க் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் குறியாக்க வசதியால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கப்படலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று கைப்பேசியில் பாருங்கள். ரேம் வேகத்தைக் கூட்டும் அமைப்பை உடனே போடாமல், ஒரு நாள் சாதாரண வேகத்தில் ஓடவிட்டுப் பிறகு போடுங்கள்.