புது லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: விண்டோஸை இழக்காமல் பென்டிரைவிலிருந்து நிறுவுவது எப்படி

போன மாதம் தென்காசிக்கு, சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி மகள் இன்ஜினியரிங் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். புது லேப்டாப்: 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, உள்ளே விண்டோஸ் 11. "எக்கா, எனக்கு லினக்ஸ் போட்டுத் தா. ஆனா விண்டோஸும் இருக்கணும், காலேஜ் ஆன்லைன் டெஸ்ட் அதுலதான் ஓடும்" என்றாள். லினக்ஸும் விண்டோஸைப் போலவே கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்தான். மாலை நாலு மணிக்கு உட்கார்ந்தோம். எழுந்தபோது ஒன்பது. அதில் லினக்ஸ் உள்ளே போக எடுத்துக்கொண்டது இருபது நிமிஷம்தான். மற்ற நேரமெல்லாம் விண்டோஸ் பக்கத்து முன்வேலைக்கே போனது. அந்த முன்வேலையைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். அதனால் அதைத்தான் இங்கே நிதானமாகச் சொல்லப் போகிறேன்.

நான் லினக்ஸை முதன்முதலில் பார்த்தது 2013-ல், பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பில். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. சொல்லித்தர ஆள் இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் பழகினேன். இப்போது நான் எல்லோருக்கும் போட்டுக் கொடுக்கும் மின்ட் என்ற வகை உபுண்டு வழி வந்தது, உபுண்டு டெபியன் வழி வந்தது. எல்லாம் ஒரே குடும்பம்தான்.

முதலில் ஒரு நோட்டு, ஒரு பேனா

லேப்டாப்பைத் திறந்ததும் பார்க்க வேண்டியது, அதில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் கணக்கு யாருடையது என்பதை. கடையில் வாங்கும்போது அவர்களே எல்லாவற்றையும் "செட் பண்ணி" கையில் கொடுத்துவிடுகிறார்கள். அப்போது யார் ஈமெயிலைப் போட்டார்கள் என்று நாம் கேட்பதே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் என்னோடு வேலை பார்க்கும் ஒருவருக்கு லினக்ஸ் போட உட்கார்ந்தேன். பயாஸில், அதாவது விண்டோஸ் திறப்பதற்கு முன்பே வரும் அமைப்புப் பக்கத்தில், ஒன்றை மாற்றிவிட்டு விண்டோஸைத் திறந்தால், நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. பிட்லாக்கர், விண்டோஸின் டிஸ்க் பூட்டு. டிஸ்க் முழுக்கப் பூட்டப்பட்டிருந்த விஷயமே அவருக்குத் தெரியாது. அந்த எண், வாங்கும்போது போட்ட கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். அதுவோ விற்றவரின் பழைய ஈமெயில். அதன் பாஸ்வேர்டு அவருக்கே மறந்துபோயிருந்தது. மாற்றியதைத் திருப்பி வைத்துப் பார்த்தேன், பயனில்லை. கடைசியில் டிஸ்க்கை அழித்துப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. அவர் மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் அதில் இருந்தன. இன்னும் எனக்கு அது மனசில் கிடக்கிறது.

ஆகவே இதைச் செய்யாமல் ஒரு அடிகூட நகராதீர்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய், உங்கள் ஈமெயில்தானா என்று பாருங்கள். வேறு யாருடையதாவது இருந்தால் உங்களுடையதற்கு மாற்றுங்கள். அப்புறம் பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் டிவைஸ் என்க்ரிப்ஷன் என்று இருக்கும், அந்தப் பூட்டு இதுதான். அது ஆன் ஆகியிருந்தால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து மீட்பு எண்ணைக் கண்டுபிடித்து நோட்டில் எழுதுங்கள். ஃபோனில் படம் எடுத்து வைத்தாலும் சரி, ஆனால் நோட்டிலும் இருக்கட்டும். 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்த்தால் தப்பு வராது. அதன் பிறகு என்க்ரிப்ஷனை ஆஃப் செய்யுங்கள். டிஸ்க்கைத் திறந்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். சார்ஜரைச் செருகியே வையுங்கள், நடுவில் மூடாதீர்கள்.

முக்கியமான கோப்புகள் இருந்தால் வேறு ஒரு ஹார்ட் டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ நகல் எடுத்துவிடுங்கள். புது மெஷின்தானே, ஒன்றும் இல்லையே என்று தோன்றும். சித்தி மகளும் அப்படித்தான் சொன்னாள். தேடிப் பார்த்தால் டவுன்லோட்ஸில் கவுன்சலிங் ஆணையும் சான்றிதழ் ஸ்கேன்களும் இருந்தன.

இடம் ஒதுக்குவது

விண்டோஸ் விசையோடு எக்ஸை அழுத்தினால் வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் இருக்கும். அதில் சி டிரைவை ரைட் கிளிக் செய்து ஷ்ரிங்க் வால்யூம் கொடுங்கள். அளவை எம்பியில் கேட்கும். நான் 150 ஜிபி ஒதுக்கினேன், அதாவது 153600. மின்ட் 20 ஜிபியிலேயே உட்கார்ந்துவிடும் என்றாலும், 100 ஜிபியாவது கொடுப்பது நல்லது. விடுபட்ட இடம் கறுப்புப் பட்டையோடு அன்அலொகேட்டட் என்று தெரியும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். புது டிரைவ் உருவாக்கிப் பெயர் வைக்க வேண்டாம்.

கேட்ட அளவு தர மறுத்தால், நகர்த்த முடியாத சிஸ்டம் கோப்பு ஏதோ நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்துச் சொல்லும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி முயன்று பாருங்கள்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்: கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம். அங்கே டிக்கை எடுத்துவிடுங்கள். இது ஆன் ஆகியிருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை. பாதித் தூக்கத்தில் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். லினக்ஸிலிருந்து அந்த டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும்தான் விடும்.

பென்டிரைவ்

8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். லினக்ஸ் மின்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து சினமன் பதிப்பை இறக்குங்கள், 3 ஜிபிக்குப் பக்கத்தில் வரும். 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. அந்த வரிசையில் கடைசியாக வந்ததையே எடுங்கள். புது லேப்டாப்பின் வைஃபை சிப்பெல்லாம் புதிய கெர்னலுக்குத்தான், அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்குத்தான், பழக்கப்பட்டிருக்கும்.

இறக்கிய கோப்பு சரியானதா என்று பார்க்காமல் பென்டிரைவில் எழுதாதீர்கள். 2016 பிப்ரவரியில் மின்ட் தளத்துக்குள்ளேயே புகுந்து, 17.3 சினமன் பதிப்பின் சுட்டியைப் பின்கதவு வைத்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அன்று அதை இறக்கியவர்களுக்குப் பார்வையில் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. பென்டிரைவில் எழுத நான் ரூஃபஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அதில் ஐஎஸ்ஓவை, அதாவது இறக்கிய மின்ட் கோப்பை, தேர்ந்தெடுத்ததும் பக்கத்தில் ஒரு டிக் குறி இருக்கும். அதை அழுத்தினால் எஸ்எச்ஏ-256 என்று 64 எழுத்து வரும். மின்ட் தளத்தில் போட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி இறக்குங்கள்.

ரூஃபஸில் பார்ட்டிஷன் ஸ்கீம் ஜிபிடி, டார்கெட் யுஇஎஃப்ஐ. ஸ்டார்ட் கொடுத்தால் ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்கும், ஐஎஸ்ஓ முறை. சில நிமிஷத்தில் முடிந்துவிடும்.

பென்டிரைவிலிருந்து திறப்பது

லேப்டாப்பை முழுசாக அணைத்து, பென்டிரைவைச் செருகி, ஆன் செய்ததும், எதிலிருந்து திறப்பது என்று கேட்கும் பூட் மெனுவின் விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப் 12. எச்பியில் எஃப் 9. ஆசூஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப் 12தான், ஆனால் முதலில் எஃப் 2-வில் பயாஸுக்குள் போய் அதை அனுமதிக்க வேண்டியிருக்கலாம். விசை பிடிபடவில்லை என்றால், விண்டோஸில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் பக்கத்தில் யூஸ் எ டிவைஸ் என்பதில் பென்டிரைவ் தெரிந்தால் வேலை சுலபம்.

நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் திறக்க விடும் செக்யூர் பூட்டை எடுத்த எடுப்பில் அணைக்க வேண்டியதில்லை, மின்ட் அதோடு ஒத்துப்போகும். பென்டிரைவை ஏற்க மறுத்து எச்சரிக்கை வந்தால் மட்டும் அணையுங்கள்.

இப்போது மின்ட் திரை வரும். இன்னும் எதுவும் நிறுவப்படவில்லை, எல்லாம் பென்டிரைவிலிருந்துதான் ஓடுகிறது. இந்த இடத்தில் கால் மணி நேரம் இருங்கள். வைஃபை பிடிக்கிறதா, பாட்டுக் கேட்கிறதா, கேமரா வருகிறதா, டச்பேடில் இரண்டு விரலால் உருட்ட முடிகிறதா, திரை வெளிச்சம் கூட்டிக் குறைக்க முடிகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வைஃபை மட்டும் வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் நெட் வந்துவிடும். நிறுவி முடித்தபின் டிரைவர் மேனேஜரில் தேடிக்கொள்ளலாம்.

டிஸ்க்கைக் காணோம் என்றால்

எங்களுக்கு இங்கேதான் ஒன்றரை மணி நேரம் போனது. நிறுவும் பக்கத்துக்குப் போனால் பென்டிரைவ் மட்டும் தெரிகிறது, 512 ஜிபி டிஸ்க் இல்லை. "எக்கா, டிஸ்க் போச்சா?" என்று அவள் முகமே மாறிவிட்டது. போகவில்லை. சில இன்டெல் லேப்டாப்களில் எஸ்எஸ்டி, விஎம்டி அல்லது ஆர்எஸ்டி என்ற அடுக்குக்குப் பின்னால் வைக்கப்பட்டிருக்கும். பயாஸில் அதை அணைத்தால் டிஸ்க் வெளியே வரும்.

ஆனால் நேராகப் போய் அணைத்தால் விண்டோஸ் திறக்காமல் நீலத் திரையில் நின்றுவிடும், புது வழியில் டிஸ்க்கைப் பார்க்க அது தயாராக இருக்காது. வரிசை முக்கியம். விண்டோஸுக்குத் திரும்பி, தேடலில் சிஸ்டம் கான்ஃபிகரேஷனைத் திறந்து, பூட் பகுதியில் சேஃப் பூட்டுக்கு டிக் போடுங்கள். ரீஸ்டார்ட் கொடுத்து, விண்டோஸ் திறப்பதற்குள் பயாஸுக்குப் போய் விஎம்டியை அணையுங்கள். இப்போது விண்டோஸ் சேஃப் மோடில் திறந்து, புது வழியைப் பழகிக்கொள்ளும். அங்கே சேஃப் பூட் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். அவ்வளவுதான். சேஃப் மோடில் நாலு இலக்க பின் வேலை செய்யாமல் போகலாம். மைக்ரோசாஃப்ட் பாஸ்வேர்டு கையில் இருக்கட்டும். அதையும் அந்த நோட்டில் குறித்திருந்தோம், அதனால் தப்பித்தோம். ஏசரில் இந்த அமைப்பே கண்ணில் படாவிட்டால், பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்திப் பாருங்கள்.

நிறுவுதல்

பென்டிரைவிலிருந்து மின்ட்டைத் திறந்து, நிறுவும் பக்கத்துக்குப் போங்கள். மொழி, கீபோர்டு, வைஃபை எல்லாம் சுலபம். மல்டிமீடியா கோடெக்ஸ் நிறுவவா என்று கேட்கும்போது டிக் போடுங்கள். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் அங்கே ஒரு பாஸ்வேர்டு கேட்கலாம். எளிதாக ஒன்று வைத்து நோட்டில் எழுதுங்கள். முதல் ரீஸ்டார்ட்டில் எம்ஓகே என்று நீலத் திரை வந்தால், பத்து விநாடிக்குள் ஒரு விசையைத் தட்டி, என்ரோல் எம்ஓகே கொடுத்து, அதே பாஸ்வேர்டைப் போட வேண்டும்.

எங்கே நிறுவுவது என்ற கேள்விதான் கவனமாகப் பார்க்க வேண்டியது. "டிஸ்க்கை அழித்து நிறுவு" என்பதை மட்டும் தொடவே கூடாது, விண்டோஸும் சேர்ந்து போய்விடும். நான் எப்போதும் சம்திங் எல்ஸ் என்பதை எடுக்கிறேன், நாம் என்ன செய்கிறோம் என்று கண்ணால் பார்க்கலாம். பட்டியலில் ஃப்ரீ ஸ்பேஸ் என்று, நாம் ஒதுக்கிய அளவோடு ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்து கூட்டல் குறியை அழுத்துங்கள். வகை இஎக்ஸ்டி 4, மவுன்ட் பாயின்ட்டில் வெறும் சாய்வுக் கோடு. டிஸ்க்கில் இந்த ஒரு பகுதியே, அதாவது பார்ட்டிஷனே, போதும். ராம் போதாதபோது உதவும் ஸ்வாப்பை மின்ட் தானே ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளும். இஎஃப்ஐ என்ற சின்னப் பார்ட்டிஷன் ஏற்கெனவே இருக்கும், விண்டோஸ் திறப்பதற்கான கோப்புகள் அதில்தான் இருக்கின்றன. அதற்கு ஃபார்மட் டிக் விழாமல் பாருங்கள்.

இன்ஸ்டால் நவ் அழுத்தியதும் எதையெல்லாம் ஃபார்மட் செய்யப் போகிறேன் என்று ஒரு பெட்டி வரும். அதை வாய்விட்டுப் படியுங்கள். ஒரே ஒரு இஎக்ஸ்டி 4 மட்டும் இருக்க வேண்டும். வேறு ஏதாவது இருந்தால் கோ பேக். நேர மண்டலத்துக்குச் சென்னையைத் தேடாதீர்கள், இந்தியாவுக்குக் கொல்கத்தா என்றுதான் வரும்.

முடிந்ததும் பென்டிரைவை எடுக்கச் சொல்லும். எடுத்துவிட்டு என்டர். அடுத்து மின்ட்டா விண்டோஸா என்று கேட்கும் பட்டியல் கறுப்புத் திரையில் வரும். கேட்காமல் நேராக விண்டோஸ் திறந்தால், பயாஸில் பூட் வரிசையைப் பாருங்கள். அங்கே மின்ட் என்று இருக்காது, உபுண்டு என்றுதான் எழுதியிருக்கும். அதை மேலே ஏற்றுங்கள்.

முதல் நாளே செய்துவிடுங்கள்

அப்டேட் மேனேஜரை ஒருமுறை ஓட்டுங்கள். டைம்ஷிஃப்ட்டைத் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவையுங்கள். நாளைக்கு எதையாவது நிறுவிக் குழம்பினாலும் இன்றைய நிலைக்குத் திரும்பலாம். சொந்தக் கோப்புகளுக்கு அது நகல் ஆகாது, அதற்குத் தனியாக ஏற்பாடு வேண்டும்.

தமிழில் தட்டச்ச, சாஃப்ட்வேர் மேனேஜரில், பல மொழிகளில் தட்டச்ச உதவும் ஐபஸ் என்ற கருவிக்கான எம்17என் தொகுப்பைத் தேடி நிறுவி, இன்புட் மெத்தடில் ஐபஸைத் தேர்ந்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். அதன் பட்டியலில் தமிழ் 99 இருக்கும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை அமைப்பு அது. உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானே விழும். அ, ம, ம, ஆ என்று தட்டினால் அம்மா. சித்தி மகள் அன்றைக்கு மின்ட்டில் தட்டிய முதல் சொல் அதுதான். சமையலறையிலிருந்து சித்தியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

பென்டிரைவை அழிக்காமல் லேப்டாப் பையிலேயே போட்டுவைக்கச் சொன்னேன். என்றைக்காவது இரண்டு பக்கமும் திறக்காமல் போனால், அதைச் செருகித் திறந்து கோப்புகளை வெளியே எடுத்துவிடலாம். மீட்பு எண் எழுதிய தாளை மட்டும் கிழித்து, வீட்டு பீரோவில் ரேஷன் கார்டு இருக்கும் கவருக்குள் வைத்தாள் சித்தி.