லேப் அனிமல் மெடிசின்ல மாஸ்டர்ஸ் பண்ணப் போறீங்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பி.வி.எஸ்சி. (கால்நடை மருத்துவப் பட்டம்) முடிச்சிட்டு லேப் அனிமல் மெடிசின், அதாவது ஆராய்ச்சிக்கு வளக்குற எலி, முயல் மாதிரி விலங்குகளோட மருத்துவம், பக்கம் வரலாமான்னு கேக்குற ஜூனியர்ஸ்கிட்ட நான் முதல்ல கேக்குறது, "ஏன் இங்க வரணும்னு தோணுது?". ராத்திரி ரெண்டு மணிக்கு கன்னு போட முடியாம தவிக்கிற மாட்டைப் பாக்க ஓட வேண்டாம், ஏசி ரூம், ஃபார்மா கம்பெனி சம்பளம், இதான் நிறைய பேரோட பதில். இந்த நினைப்போட வர்றதுதான் பெரிய தவறு. ஆராய்ச்சி விலங்குகளை வளக்குற அனிமல் ஹவுஸுக்கு ஞாயித்துக்கிழமை கிடையாது, பொங்கல் அன்னைக்கும் ஒவ்வொரு கேஜையும் ஒருத்தர் பாத்தே ஆகணும், ராத்திரி ஏசி நின்னுபோனா போன் வர்றது உங்களுக்குத்தான். இன்னொண்ணு, ஸ்டடி முடியும்போது நல்லா ஓடியாடிட்டு இருக்குற எலியையும் நீங்களே கருணைக்கொலை பண்ண வேண்டிய நாள் வரும். அதை வலியில்லாம, பயமில்லாம பண்ணத் தெரிஞ்சவர் அங்க இருக்கணும்னுதான் ஒரு வெட், அதாவது கால்நடை டாக்டர், தேவைப்படுது. இது மனசைப் பாதிக்கும், பாதிக்காதுன்னு சொல்றவங்களை நம்பாதீங்க. சேர்றதுக்கு முன்னாடியே ஒரு அனிமல் ஹவுஸ்ல கொஞ்ச நாள் போய் நின்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

அடுத்தது பட்டத்தோட பேரை மட்டும் தேடிட்டு இருக்குறது. இந்தப் பேர்லயே எம்.வி.எஸ்சி. (கால்நடை மருத்துவத்துல மாஸ்டர்ஸ்) எல்லா காலேஜ்லயும் கிடைக்காது. இந்த ஃபீல்டுல இருக்குற பலபேர் பார்மகாலஜி டாக்ஸிகாலஜி, பேதாலஜி, மெடிசின் மாதிரி துறைகள்ல சேந்து, தீசிஸை லேப் அனிமல் சம்பந்தமா பண்ணி வந்தவங்கதான். அதனால யார் கைடு, அவங்ககிட்ட ஒழுங்கா நடக்குற அனிமல் ஹவுஸ் இருக்கான்னு பாருங்க. பி.ஃபார்ம், பி.எஸ்சி. ஜுவாலஜி படிச்சவங்களும் இதைக் கேக்குறாங்க, எம்.வி.எஸ்சி.க்கு வெட்னரி டிகிரி கட்டாயம். ஆனா வெளிநாட்டுல லேபரட்டரி அனிமல் சயின்ஸ்னு இருக்குற சில மாஸ்டர்ஸ் கோர்ஸ்ல வெட் இல்லாதவங்களும் சேரலாம், அது ஃபெசிலிட்டி மேனேஜ்மென்ட் பக்கம் கொண்டுபோகும், டாக்டர் வேலைக்கு இல்ல. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு லட்சக்கணக்குல லோன் போட்டுடாதீங்க.

உள்ள வந்த பிறகு நடக்குற தவறுல ரொம்ப ஆபத்தானது, நாய்க்கும் மாட்டுக்கும் படிச்சதை அப்படியே சின்னதாக்கி எலிக்கும் முயலுக்கும் பண்றது. முயலுக்கு வாய் வழியா அமாக்ஸிசிலின், கிளின்டமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் குடுத்தா குடல்ல இருக்குற நல்ல பாக்டீரியா போய், கிளாஸ்ட்ரிடியம்ங்கிற கெட்ட பாக்டீரியா பெருகி, கழிச்சல்ல செத்துப்போகும், கினி பிக் பென்சிலின் குடுத்தாலே செத்துப்போயிடும். மயக்கம் குடுக்கும்போது எச்சில் ஊறாம, இதயத்துடிப்பு குறையாம இருக்க அட்ரோபின் போட்டா பல முயலுக்கு வேலையே செய்யாது, ஏன்னா அதை உடைக்கிற என்சைம் அதுங்க ரத்தத்துலயே இருக்கு, அதனாலதான் கிளைகோபைரோலேட்ங்கிற மாற்று மருந்துக்குப் போறோம். எலிக்கு வாந்தி வராது, அதனால சர்ஜரிக்கு முன்னாடி நாய் மாதிரி ராத்திரி முழுக்க பட்டினி போடத் தேவையே இல்ல, போட்டா சுகர் இறங்கிடும். 25 கிராம் சுண்டெலி உடம்புல மொத்த ரத்தமே 2 மில்லிக்குள்ளதான், ஒரு தடவை எடுக்கலாம்னு சொல்ற 10 சதவீதம்னா 0.2 மில்லிகூட வராது. "இன்னும் கொஞ்சம் எடுத்துக்கலாம் சார்"னு ரிசர்ச் ஸ்காலர் நிப்பாங்க, அங்க முடியாதுன்னு சொல்ல வேண்டியது நீங்க.

வலியைப் பத்தி தனியா சொல்லணும். சர்ஜரி முடிஞ்சது, எலி எழுந்து நடக்குது, சரியாயிடுச்சுன்னு ரெக்கார்ட்ல "நார்மல்"னு எழுதிட்டுப் போறது எல்லா இடத்துலயும் நடக்குது, நடக்கவே கூடாது. வேட்டையாடப்படுற பிராணி வலியைக் காட்டிக்காது, ஆள் வந்து நின்னா அசையாம உக்காந்துக்கும். கேஜ்கிட்ட சத்தமில்லாம கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. கண்ணு பாதி மூடியிருக்கு, காது பின்னாடி போயிருக்கு, மூக்கு மேல லேசா புடைச்சிருக்கு, முடி சிலிர்த்து நிக்குது, கூடு கட்டிக்கட்டும்னு நேத்து வச்ச டிஷ்யூ பேப்பர் வச்ச மாதிரியே கிடக்கு. இந்த முகக்குறிகளை வச்சு மார்க் போடுற மவுஸ் கிரிமேஸ் ஸ்கேல் 2010-லயே வந்துடுச்சு, அதை கையால செஞ்சு பழகுங்க. மெலாக்ஸிகாம், பியூப்ரினார்ஃபின் மாதிரி வலிமருந்து எப்ப, எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே எழுதி வச்சிருக்கணும். "வலிமருந்து குடுத்தா டேட்டா கெட்டுடும்"னு சொல்லுவாங்க. வலியில துடிக்கிற எலியோட ஸ்ட்ரெஸ் ஹார்மோன் அந்த டேட்டாவை என்ன பண்ணும்னு அவங்ககிட்ட திருப்பிக் கேளுங்க.

தீசிஸ் லேட் ஆகுறதுக்கு முக்கியமான காரணம் ஐஏஇசி, அதாவது விலங்கு ஆராய்ச்சிக்கு அனுமதி குடுக்குற எத்திக்ஸ் கமிட்டி. நம்ம நாட்டுல 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்குக் கீழ 1998-ல விதிகள் வந்தது, விலங்கு ஆராய்ச்சியைக் கண்காணிக்கிற, சிபிசிஎஸ்இஏன்னு இருந்த மத்திய கமிட்டிக்கு இப்ப சிசிஎஸ்இஏன்னு பேரு. ஒவ்வொரு நிறுவனத்துலயும் இருக்குற ஐஏஇசி சம்மதிக்காம ஒரு எலியைக்கூட தொட முடியாது, சிசிஎஸ்இஏ அனுப்புற நாமினி (பிரதிநிதி) வராம அந்த மீட்டிங்கும் நடக்காது. நாய், குரங்கு மாதிரி பெரிய விலங்குன்னா ஐஏஇசி ஓகே சொன்னாலும் ஃபைல் டெல்லிக்கு, சிசிஎஸ்இஏகிட்ட, போய் வரணும். ரெண்டு வருஷ கோர்ஸ்ல ஒரு மீட்டிங்கைத் தவற விட்டா அடுத்ததுக்கு மாசக்கணக்குல காத்திருக்கணும், அதனால முதல் செமஸ்டர்லயே மீட்டிங் தேதி எப்பன்னு விசாரிச்சு வச்சுக்கங்க. அப்ளிகேஷன்ல சீனியர் எழுதினதை காப்பி அடிக்காதீங்க. குரூப்புக்கு ஏன் 6 எலின்னு கேட்டா "போன பேட்ச் தீசிஸ்ல 6 இருந்துச்சு"ங்கிறது பதில் இல்ல. எவ்வளவு வித்தியாசம் எதிர்பாக்குறீங்க, அதைக் கண்டுபிடிக்க எத்தனை வேணும்னு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தெரிஞ்சவரோட உக்காந்து கணக்குப் போடுங்க. ஒரே கேஜ்ல 5 எலிக்கு தீவனத்துல மருந்து கலந்து குடுத்தா அது 5 இல்ல, 1தான், ஏன்னா மருந்து கேஜுக்குத்தான் போயிருக்கு. கணக்கு தப்பா போன ஸ்டடியில செத்த எலியெல்லாம் வீணா செத்ததுதான், எனக்கு இதை நினைச்சா இப்பவும் ஆத்தாமையா இருக்கு.

ஜெனடிக்ஸையும் ஒதுக்கி வைக்காதீங்க. சி3எச்/எச்இஜேங்கிற வகை சுண்டெலிக்கு பிறந்து சில வாரத்துலயே விழித்திரை அழிஞ்சிடும், அதைக் கொண்டுபோய் தண்ணித் தொட்டியில அடையாளம் பாத்து நீந்துற ஞாபகசக்தி டெஸ்ட்ல விட்டா எல்லாமே மக்கு எலியாத்தான் தெரியும். பிளாக் சிக்ஸ்னு சொல்ற சி57பிஎல்/6 வகையிலயே ஜே, என்-னு துணைவகைகள் இருக்கு, ஜே வேற, என் வேற, என்-ல கண்ணைப் பாதிக்கிற மியூட்டேஷன் இருக்கு. "பிளாக் சிக்ஸ்"னு மட்டும் எழுதின பேப்பரைப் பாத்தா எந்த பிளாக் சிக்ஸ்னு கேக்குற பழக்கம் வரணும். ஹைதராபாத் என்ஐஎன்-ல (தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்) இருக்குற விஸ்டார் வகை எலிக் காலனியோட வேர் நம்ம குன்னூர்ல இருக்கு, 1958-ல நிறுவனம் ஹைதராபாத் போனப்ப கூடவே போச்சு. முடிஞ்சா ஒருதடவை அங்க போய் காலனி ரெக்கார்ட் எப்படி வைக்கிறாங்கன்னு பாருங்க.

உங்க உடம்பையும் கவனிங்க. எலி மூத்திரத்துல இருக்குற புரோட்டீன் காத்துல கலந்து அலர்ஜி குடுக்கும், முதல் ரெண்டு மூணு வருஷத்துலதான் பெரும்பாலும் ஆரம்பிக்கும், தும்மல்ல தொடங்கி ஆஸ்துமா வரைக்கும் போகும். கேஜுக்குள்ள பரப்புற பெட்டிங்கை (எலி படுக்குற மரத்தூள் மாதிரி) மாத்தும்போது சர்ஜிக்கல் மாஸ்க் போதாது, என்95 போடுங்க. மூக்கு ஒழுகினா சளின்னு விட்டுடாம டாக்டர்கிட்ட காட்டி எழுதி வச்சுக்கங்க.

மாஸ்டர்ஸ் முடிச்சா ஸ்பெஷலிஸ்ட்னு போட்டுக்கலாம்னு ஒரு நினைப்பு இருக்கு. அமெரிக்காவுல ஏசிஎல்ஏஎம், ஐரோப்பாவுல ஈசிஎல்ஏஎம்ங்கிற ஸ்பெஷலிஸ்ட் அமைப்புகள் குடுக்குற டிப்ளமேட் பட்டம் தனி. ஏசிஎல்ஏஎம்-க்கு ரெசிடென்சியோ (மேற்பயிற்சி) பல வருஷ முழுநேர அனுபவமோ வேணும், முதல் ஆத்தரா ஒரு பேப்பர் வேணும், பிறகு பரீட்சை. அந்த ஆசை இருந்தா தீசிஸை பேப்பராக்குற வேலையை கோர்ஸ் முடியுறதுக்குள்ள பண்ணிடுங்க, வேலைக்குப் போனப்புறம் அது கிடப்புலயே கிடக்கும்.

கைடைத் தேர்ந்தெடுக்குறதுக்கு முன்னாடி அந்த இடத்து அனிமல் ஹவுஸுக்கு அனுமதி வாங்கிப் போங்க. கேஜ் கழுவுற அண்ணனோட பேசுங்க, எந்த ரூம்ல அடிக்கடி குட்டி சாகுதுன்னு அவருக்குத் தெரியும். கடைசியா நடந்த சர்ஜரியோட போஸ்ட் ஆப் ஷீட்டை (சர்ஜரிக்கு அப்புறம் எழுதுற ரெக்கார்ட்) காட்டச் சொல்லுங்க. வலிமருந்து குடுத்த நேரமும் கையெழுத்தும் இருந்தா அங்க சேருங்க, வெறும் "நார்மல், நார்மல்"னு ஒரே பேனாவுல ஒரே நாள்ல எழுதின மாதிரி இருந்தா வேற இடம் தேடுங்க.