மாதவிடாய்க் கப்: முதலில் எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மாதவிடாய் ரத்தத்தைச் சேகரிக்க யோனிக்குள் வைக்கும் சின்னக் கிண்ணம்தான் மாதவிடாய்க் கப். அதை வாங்கிவிட்டு மாதக்கணக்கில் டப்பாவைத் திறக்காமலே வைத்திருக்கும் பெண்கள் நிறையப் பேர். காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "உள்ளே போய் மாட்டிக்கிட்டா என்ன பண்றது?" விளக்கங்களோ கப்பை எப்படி மடிப்பது என்பதில் ஆரம்பித்து, உள்ளே வைப்பதோடு முடிந்துவிடுகின்றன. மடிப்பதெல்லாம் ஒரு நிமிட வேலை. பயம் முழுக்க எடுப்பதில்தான் இருக்கிறது என்பதால் இங்கே அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். யோனிப் பாதை மேல்முனையில் முடிந்துவிடும் ஒரு வழி. மேலே கருப்பை வாய் இருக்கிறது, அதன் துளை மிகச் சிறியது. ரத்தம் கசிந்து வரும், கப் ஏறிப் போக முடியாது. பாதையின் நீளமும் பொதுவாக 7 முதல் 10 சென்டிமீட்டர்தான். ஆக, கப் "தொலைந்து போக" உள்ளே இடமே இல்லை. விரலுக்கு எட்டாத உயரத்துக்குக் கொஞ்ச நேரம் போகலாம். அதற்கும் வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இது புதிய கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். லியோனா சால்மர்ஸ் என்ற அமெரிக்க நடிகை ரப்பரால் ஆன கப்புக்கு 1937இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். இன்று கிடைப்பவை பெரும்பாலும் மருத்துவத் தர சிலிக்கானில் செய்தவை. நாப்கினும், உள்ளே வைக்கும் பஞ்சுச் சுருளான டாம்பானும் ரத்தத்தை உறிஞ்சும். கப் உறிஞ்சாது, சேகரித்து வைக்கும், அவ்வளவுதான்.

வாங்குவதற்கு முன்: கருப்பை வாய் எங்கே இருக்கிறது?

இந்தப் படியைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். பிறகு "எனக்கு கப் ஒத்துவரல" என்கிறார்கள். ஒத்துவராதது பெரும்பாலும் அளவுதான்.

பீரியட்ஸ் நாட்களில் ஒரு முறை, நகம் வெட்டிய சுத்தமான விரலை மெதுவாக உள்ளே விட்டுப் பாருங்கள். மூக்கு நுனியைத் தொடுவது போல, உருண்டையாக, கொஞ்சம் கெட்டியாக ஒன்று தட்டுப்படும். அதுதான் கருப்பை வாய். விரலின் முதல் கணு உள்ளே போவதற்குள் தட்டுப்பட்டால் அது தாழ்வாக இருக்கிறது, குட்டையான கப் வேண்டும். விரல் முழுக்கப் போயும் தட்டுப்படவில்லை என்றால் உயரமாக இருக்கிறது, நீளமான கப் பார்க்கலாம். மாதவிடாய் நாட்களிலேயே அளக்கச் சொல்வதற்குக் காரணம், அதன் உயரம் மாதம் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும்.

கம்பெனிகள் வயதையும் குழந்தைப் பேற்றையும் வைத்துச் சிறியது, பெரியது என்று பிரிக்கின்றன. அதை ஒரு தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் முதலில் பார்க்க வேண்டியது கருப்பை வாயின் உயரம், அடுத்தது கப்பின் கெட்டித்தன்மை. கெட்டியான கப் உள்ளே போனதும் பட்டென்று விரிந்துவிடும், ஆனால் சிலருக்கு சிறுநீர்ப்பையை அழுத்தும். மிகவும் மென்மையானது உறுத்தாது, ஆனால் விரிய அடம்பிடிக்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நடுத்தரம் போதும்.

கொள்ளளவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். சராசரியாக ஒரு பெண்ணுக்கு ஒரு மாதவிடாய் முழுவதிலும் சேர்த்தே 30, 40 மில்லி ரத்தம்தான் போகும். பல கப்புகள் 15 முதல் 30 மில்லி வரை பிடிக்கும்.

யார் மருத்துவரைக் கேட்க வேண்டும்?

காப்பர் டி போன்ற கருத்தடைச் சாதனம் வைத்திருப்பவர்கள் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். கப்பை இழுக்கும்போது சாதனமும் இடம் பெயர்ந்து வரக்கூடும். கருப்பை இறக்கம் உள்ளவர்கள், பிறப்புறுப்பில் தொற்றோ அறுவை சிகிச்சையோ இருந்தவர்கள், முன்பு டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம் (பாக்டீரியா நச்சால் வரும், உயிருக்கே ஆபத்தான அரிய நோய்) வந்தவர்கள் ஆகியோரும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பிரசவமானவர்கள் குறைந்தது ஆறு வாரம் பொறுத்து, மருத்துவர் சரி என்ற பிறகு பார்க்கலாம். ரப்பர் ஒவ்வாமை இருந்தால் லேடெக்ஸ் கப் வேண்டாம்.

திருமணமாகாதவர்கள், உடலுறவு அனுபவம் இல்லாதவர்கள் பயன்படுத்தலாமா? தாராளமாக. கன்னிச்சவ்வு பாதையை மூடியிருக்கும் கதவு இல்லை. ஓரத்தில் இருக்கும் மெல்லிய, நெகிழும் சவ்வு மடிப்பு. கப்பால் அது விரியலாம், சிலருக்குக் கிழியவும் கூடும். அதை வைத்து யாருடைய "கன்னித்தன்மை"யையும் எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. சின்ன அளவில் தொடங்கினால் வலியும் குறையும்.

கொதிக்க வைத்தல்

கப் முழுக்க மூழ்கும் அளவு தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். நேரத்தைப் பெட்டியில் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். அடியில் ஒட்டினால் கருகும், அதனால் தண்ணீர் வற்றவிடக் கூடாது. அடுப்பில் வைத்துவிட்டு போனைக் கையில் எடுக்காதீர்கள். ஒவ்வொரு மாதமும் தொடங்கும்போதும் முடியும்போதும் இப்படிச் செய்தால் போதும்.

மடித்து வைத்தல்

முதல் முறை விடுமுறை நாளாக இருக்கட்டும். காலையில் வேலைக்கு ஓடும் அவசரத்தில் வேண்டாம். ரத்தப்போக்கு நன்றாக இருக்கும் நாளில் வழுக்கல் இருக்கும், சுலபமாகப் போகும். பீரியட்ஸ் இல்லாத நாளில் ஒத்திகை பார்ப்பது உலர்ந்து, எரிச்சலில்தான் முடியும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கப்பின் வாயைத் தட்டையாக்கி, இரண்டாக மடியுங்கள், ஆங்கில சி எழுத்து போல இருக்கும். அது பெரிதாகத் தெரிந்தால், விளிம்பின் ஒரு பக்கத்தை விரலால் உள்ளே அழுத்துங்கள். நுனி கூம்பாகிவிடும், நுழைப்பது எளிது. குந்தி உட்காருங்கள், அல்லது ஒரு காலைத் தூக்கி எதிலாவது வையுங்கள். மூச்சை வெளியே விட்டபடி, முதுகின் அடி எலும்பை நோக்கிச் சாய்த்து உள்ளே தள்ளுங்கள். நேர் மேலாகத் தள்ளுவதால்தான் பலருக்கு முட்டுகிறது. எல்லாரும் நிமிர்ந்து நிற்பதால் பாதையும் நிமிர்ந்திருக்கும் என்று நினைத்துவிடுகிறோம், அது பின்னோக்கிச் சாய்ந்தது.

விரலை விட்டால் கப் விரியும். விரிந்ததா என்று கண்டுபிடிக்க, கப்பின் அடிப்பகுதியைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். மடிப்பு தட்டுப்படாமல் வட்டமாக இருந்தால் சரி. மடிப்பு இருந்தால் அடியைப் பிடித்து மெல்லத் திருப்புங்கள், அல்லது கொஞ்சம் கீழே இழுத்து மீண்டும் மேலே விடுங்கள். கப்பின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் வால் முழுவதும் உள்ளே இருக்க வேண்டும். வால் உறுத்தினால் வெளியே எடுத்து வெட்டிக்கொள்ளலாம், ஆனால் ஒரு மாதம் பழகிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக.

எடுத்தல்: நிதானமாகப் படியுங்கள்

கப் விளிம்பு யோனிச் சுவரோடு ஒட்டி ஒரு வெற்றிடத்தை உண்டாக்கியிருக்கிறது. லீக் ஆகாமல் காப்பது இதுதான், எடுக்கும்போது தொல்லை தருவதும் இதுதான். முதலில் அதை உடைக்க வேண்டும், பிறகுதான் இழுக்க வேண்டும். வரிசை மாறினால் வலிக்கும்.

கையைக் கழுவி, குந்தி உட்காருங்கள். மலம் கழிப்பதற்கு முக்குவது போல வயிற்றை மெதுவாகத் தள்ளுங்கள். கப் தானாகக் கீழே இறங்கும். வால் கைக்கு வரும். அதைப் பிடித்து இழுக்காதீர்கள். வாலைப் பற்றிக்கொண்டு மேலே போய் கப்பின் அடிப்பகுதியைத் தொடுங்கள், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதை அமுக்குங்கள். காற்று உள்ளே போவதை உணர்வீர்கள், சிலருக்குச் சத்தமும் கேட்கும். இப்போது இடமும் வலமும் ஆட்டி ஆட்டிக் கீழே கொண்டு வாருங்கள். வாசலுக்கு வந்ததும் விளிம்பின் ஒரு பக்கத்தை முதலில் வெளியே விட்டு, பிறகு மறுபக்கம். கப்பை நிமிர்த்திப் பிடித்தால் சிந்தாது.

வெற்றிடத்தை உடைக்காமல் வாலை இழுத்தால், இழுவை கருப்பை வாய் மேல் விழும். இப்படி அடிக்கடி செய்தவர்களில் கருப்பை இறக்கம் ஏற்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. பயமுறுத்தச் சொல்லவில்லை, அமுக்கும் அந்த ஒரு நொடியைத் தவறவிடாதீர்கள் என்கிறேன்.

எட்டவில்லையா? எழுந்து நடமாடுங்கள். பதற்றத்தில் இடுப்புத்தளத் தசைகள் இறுகி கப்பைப் பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் கழித்து, வெந்நீரில் குளிக்கும்போது மறுபடி குந்தி முயலுங்கள். பெரும்பாலும் வந்துவிடும். வைத்துப் பன்னிரண்டு மணி நேரம் நெருங்கியும் வரவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரிடமோ செவிலியரிடமோ போங்கள். அவர்களுக்கு இது சில நிமிட வேலை, வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கழுவுதல்

கழிப்பறையில் கொட்டிவிட்டு, முதலில் குளிர்ந்த தண்ணீர், பிறகு வாசனையில்லாத சோப்பு. எடுத்ததுமே வெந்நீர் ஊற்றினால் கறை படியும். விளிம்புக்குக் கீழே சிறிய துளைகள் இருக்கும். கப்பில் தண்ணீர் நிரப்பி உள்ளங்கையால் மூடி அமுக்கினால் அவற்றின் வழியே பீய்ச்சியடித்து அடைப்பு போகும். பொதுக் கழிப்பறை என்றால் ஒரு பாட்டில் தண்ணீர் கையில் இருந்தால் போதும். அதுவும் இல்லையென்றால் டிஷ்யூவால் துடைத்து மறுபடி உள்ளே வைத்துவிட்டு வீட்டில் கழுவிக்கொள்ளலாம்.

கப்பைத் தொடர்ந்து உள்ளே விட்டிருப்பதற்கு உச்சவரம்பு பொதுவாக 12 மணி நேரம். உங்கள் கப்பின் பெட்டியில் 8 என்று போட்டிருந்தால் 8தான்.

லீக் ஆனால்

முதல் இரண்டு மூன்று சுழற்சிகளுக்கு ஒரு மெல்லிய பேடும் கூட வைத்துக்கொள்ளுங்கள். கப் விரியாததுதான் முதல் காரணம். அடுத்தது, கருப்பை வாய் கப்புக்கு வெளியே ஒதுங்கியிருப்பது. மலச்சிக்கலும் கப்பை நசுக்கும், இதை யாரும் சொல்வதில்லை. வைத்த கொஞ்ச நேரத்தில் தெரியும் லேசான கறை பெரும்பாலும் சுவரில் ஏற்கெனவே இருந்த ரத்தம்தான்.

உடலுக்கு என்ன ஆகும்?

2019இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் 43 ஆய்வுகளை ஒருங்கே பார்த்த கட்டுரை ஒன்று வந்தது, அவற்றில் சுமார் 3,300 பேர் இடம்பெற்றிருந்தனர். நாப்கின், டாம்பானோடு ஒப்பிட்டால் கப்பில் லீக் அதே அளவு அல்லது குறைவு என்று அது சொன்னது. பழகிய பிறகு சுமார் 70 சதவீதம் பேர் தொடர விரும்பினார்கள். டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம் சில பேருக்கு வந்திருக்கிறது, மிக அரிது. கப் போட்டிருக்கும்போது திடீரென்று கடும் காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல், உடலில் சிவந்த தடிப்பு வந்தால், கப்பை எடுத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர் கழிக்கச் சிரமமோ இடுப்புப் பக்கவாட்டில் கடுத்த வலியோ வந்தாலும் எடுத்துவிடுங்கள், தவறான இடத்தில் இருக்கும் கப் சிறுநீர்க் குழாயை அழுத்தியது அரிதாக நடந்திருக்கிறது.

வயிற்றுவலி குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். அதை நம்பி வாங்க வேண்டாம், கப் வலி மாத்திரை இல்லை. நாப்கின் உரசித் தொடையில் வரும் புண்ணும், ஈரத்தில் வரும் அரிப்பும் வாடையும் போவது நிஜம். கப்போடு சிறுநீர் கழிக்கலாம், நீந்தலாம், குப்புறப் படுக்கலாம். உடலுறவு மட்டும் கூடாது.

எனக்கு இதில் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. பல கப்புகளில் மில்லி அளவுக் கோடுகள் இருக்கும். "எனக்கு ரொம்ப ஜாஸ்தி போகுது டாக்டர்" என்பதை விட "ரெண்டு நாள்லயே தொண்ணூறு மில்லி போச்சு" என்பது கவனிக்கப்படும். ஒரு மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் போனாலோ, ஏழு நாட்களைத் தாண்டினாலோ அது அதிக ரத்தப்போக்கு. பல ஆண்டு சோர்வும் மூச்சிரைப்பும் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். மூன்று மாதங்களுக்கு அளவைக் குறித்துவைத்துக் காட்டுங்கள்.

பத்திரப்படுத்துதல்

கொதிக்க வைத்து, நன்றாகக் காயவைத்து, துணிப்பையில் போடுங்கள். காற்றுப் புகாத டப்பா வேண்டாம். நன்றாகப் பராமரித்தால் பல ஆண்டுகள் வரும். கிழிசல், பிசுபிசுப்பு, மாவு போன்ற படிவு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். நிறம் மட்டும் மங்கினால் பிரச்சினை இல்லை. ஒருவர் கப்பை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது, அக்கா தங்கையாக இருந்தாலும். மூன்று நான்கு சுழற்சி முயன்றும் வலிக்கிறது என்றால் வேறு அளவு அல்லது மென்மையான கப் ஒன்றைப் பாருங்கள். அதுவும் ஒத்துவரவில்லையென்றால் உள்ளே வைக்கும் தட்டு வடிவ மாதவிடாய் டிஸ்க் இருக்கிறது, ரத்தத்தை உறிஞ்சும் பீரியட் பேன்ட்டி இருக்கிறது, பழைய நாப்கினும் இருக்கிறது.