‘ஆமாவா, இல்லையா?’ என்று மடக்கும்போது செய்யக் கூடாதவை

கல்லூரிச் சொற்போர்களில் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ஒரே கேள்வியில் திணறிப்போவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. பள்ளியில் செல்போனுக்குத் தடை வேண்டும் என்று ஒரு மாணவி வாதாடுகிறாள். எதிரணி எழுந்து, “ஏழைப் பிள்ளைகள் இணையத்தில் படிக்கக் கூடாது என்கிறீர்கள். ஆமாவா, இல்லையா?” என்கிறது. ஆமா என்றால் ஈரமில்லாதவள். வெறுமனே இல்லை என்றால், “அப்புறம் தடை எதற்கு?” என்று அடுத்த பிடி விழும்.

நீட்டிய இரண்டில் ஒன்றை எடுத்தே தீரவேண்டும் என்று பதறுவதுதான் பெரிய தவறு. பத்தாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம், நன்னூல் சொல்லும் விடை எட்டு வகை. ஆமா என்னும் நேர், இல்லை என்னும் மறை இரண்டும் அதில் இரண்டே இரண்டு. கேள்விக்குள் ஒளிந்திருப்பதை முதலில் வெளியே இழுத்துப் போடுங்கள்: “நான் கேட்கும் தடை பள்ளி நேரத்துக்கு மட்டும்தான். வீட்டில் படிப்பதை யாரும் தடுக்கவில்லை.” இவ்வளவு போதும். இதையே இரண்டு நிமிடம் நீட்டினால் நடுவருக்கு மழுப்பலாகத்தான் படும்.

எதிர்க்கேள்வி கேட்கலாமா? தாராளமாக. வினா எதிர் வினாதலும் அந்த எட்டில் ஒன்று. ஆனால் “வருவாயா?” என்றதற்கு “வராமல் இருப்பேனா?” என்பதுபோல் அதற்குள் பதில் இருக்க வேண்டும். “அதைக் கேட்க நீங்கள் யார்?” என்பதில் பதிலே இல்லை.

அதற்காக எல்லாக் கேள்வியையும் பொறியாக நினைக்கவும் வேண்டாம். “தடையைச் சில பெற்றோர் எதிர்ப்பார்களா?” என்றால், ஆமா என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.

தெரியாததைக் கேட்டால்தான் பலர் உண்மையிலேயே கெட்டுப்போகிறார்கள். “பிரான்ஸில் 2018-இல் சட்டம் போட்டுத் தடுத்தார்களே, மதிப்பெண் கூடியதா?” உடனே வாயில் வந்த ஒரு சதவீதம். அடுத்த கேள்வி “எந்த ஆய்வு?” என்றுதான் வரும். அதோடு, அதுவரை சொன்ன உண்மைகள் மீதும் சந்தேகம் விழுந்துவிடும். எது தெரியாது என்பதை மட்டும் அளவாகச் சொல்லுங்கள்: “மதிப்பெண் விவரம் எனக்குத் தெரியாது. நான் பேசுவது வகுப்பில் சிதறும் கவனத்தைப் பற்றி.” நான்கு முறை மன்னிப்புக் கேட்பதும், “அது முக்கியமில்லை” என்று தட்டிவிடுவதும் ஒரே அளவு கெடுதல்.

தெரியாது என்று ஒப்புக்கொண்டதையே முடிவுரையில் ஆதாரமாக எடுத்துவிடாதீர்கள். எதிரணி அதைக் குறித்து வைத்திருக்கும்.