கடலோர வெயிலில் சீஸ்: மென்மையானதும் கெட்டியானதும்

புதுச்சேரி ஒயிட் டவுன் கடைகளிலும் ஆரோவில் சுற்றுவட்டாரத்திலும் பலவகைச் சீஸ்கள் கிடைக்கின்றன. ஒரு துண்டை வாங்கும் முன்னர் அது மென்மையான வகையா, கெட்டியான வகையா என்று கேட்டறிவது நல்லது. ஏனெனில் அதை எத்தனை நாள் வைக்கலாம், எந்த உணவில் சேர்க்கலாம், பூஞ்சை பிடித்தால் என்ன செய்வது என்பவையெல்லாம் பெரும்பாலும் அதில் தங்கியுள்ள நீரின் அளவைப் பொறுத்தவை.

இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே. பாலில் உறைநுண்ணுயிரிகளையும் ரென்னெட் என்னும் நொதியையும் சேர்த்தால் பால் கட்டியாக உறைகிறது. அந்தக் கட்டியை அதிகம் உடைக்காமல், அழுத்தமும் கொடுக்காமல் தானாக வடியவிட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும். பிரீ, கமம்பேர் போன்றவை இவ்வாறு உருவாகின்றன, அவற்றின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர்தான். மாறாக, கட்டியை அரிசி மணி அளவுக்கு நொறுக்கி, சுமார் 55 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, நீரைப் பிரித்து, உப்பு நீரில் ஊறவைத்து, குறைந்தது 12 மாதங்கள் முதிரவிட்டால் இத்தாலியின் பார்மிஜியானோ ரெஜ்ஜியானோ கிடைக்கிறது. அதில் நீர் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. செடாரும் கௌடாவும் இவற்றுக்கு இடைப்பட்டவை. உருக்கிக் கலந்து செய்யப்படும் பிராசஸ்டு சீஸ் வில்லைகளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

வாங்கும்போது பிரீயின் நடுப்பகுதியை மெல்ல அழுத்திப் பாருங்கள்; சற்றே அமுங்கினால் பதம் சரி, அம்மோனியா நெடி தூக்கலாக அடித்தால் பதம் கடந்துவிட்டது. அங்கிருந்து பேருந்தில் கடலூர் திரும்புவோர் மென்மையான சீஸை ஐஸ் கட்டிகளுடன் எடுத்துச் செல்வதே பாதுகாப்பு. கெட்டியான சீஸ் அந்தப் பயணத்தைத் தாங்கும், ஆனால் வெயிலில் கொழுப்பு கசிந்து மேற்பரப்பு பிசுபிசுக்கும்.

வீட்டில் இரண்டையும் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். கெட்டியானதைப் பட்டர் பேப்பரில் சுற்றி, மூடிய டப்பாவில் வைத்தால் வாரக்கணக்கில் நிற்கும். மென்மையானதைத் திறந்த பின் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. நம் கரையில் புயல் மழைக் காலத்து மின்வெட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயலைக் கண்ட கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஃபிரிட்ஜின் குளிர் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெப்பத்தில் கிடந்த மென்மையான சீஸை, விலை எவ்வளவானாலும், தூக்கி எறிந்துவிடுங்கள். பார்மிஜியானோ, செடார் போன்றவற்றை வைத்துக்கொள்ளலாம்.

பூஞ்சைக்கும் இதே விதிதான். கெட்டியான துண்டில் பூஞ்சை தென்பட்டால், அந்த இடத்தைச் சுற்றியும் அடியிலும் 2.5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி நீக்கிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். ஈரம் மிகுந்த சீஸில் பூஞ்சை இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கக்கூடும் என்பதால் முழுவதையும் கழிக்க வேண்டும். பிரீயின் மேல் படர்ந்திருக்கும் வெண்தோல் இதற்கு விதிவிலக்கு: அது வேண்டுமென்றே வளர்க்கப்பட்ட பூஞ்சை, உண்ணத்தக்கது.

மென்மையானது எல்லாம் உருகும் என்று எண்ண வேண்டாம். எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பால் திரிக்கப்படும் பன்னீர் மென்மையானதுதான், ஆயினும் தோசைக்கல்லில் சிவக்குமே தவிர உருகாது. தோசைக்குள் இழையாக உருக மொசரெல்லாவும் இளம் செடாரும் ஏற்றவை. நன்கு முதிர்ந்த கெட்டிச் சீஸைத் துருவி, அடுப்பை அணைத்த பின் மேலே தூவுவதே சிறப்பு. அதில் உப்பு ஏற்கெனவே மிகுதி என்பதால் சமையலில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாத பலருக்கு முதிர்ந்த சீஸ் தொல்லை தருவதில்லை, ஏனெனில் முதிரும்போது லாக்டோஸ் ஏறக்குறைய முற்றிலும் போய்விடுகிறது.

சைவ உணவு உண்போர் உறையில் பச்சைப் புள்ளியைத் தேட வேண்டும். பார்மிஜியானோ ரெஜ்ஜியானோ கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டால் செய்யப்படுவது. கர்ப்பிணிகள் காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸையும், பிரீ, கமம்பேர் போன்ற வெண்தோல் வகைகளையும் சமைக்காமல் உண்ணக் கூடாது. லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா அந்த ஈரத்தில் ஃபிரிட்ஜின் குளிரிலும் வளரக்கூடியது.