உங்கள் அணி மீது விசாரணையா? கல்லூரிக் கால்பந்து ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிச்சிகன் பல்கலைக்கழகக் கால்பந்து அணியை என்.சி.ஏ.ஏ. விசாரிக்கிறது என்ற செய்தி 2023 அக்டோபர் 19 அன்று வெளியானது. நான் அந்த அணியின் ரசிகன். ஒரு லட்சம் பேருக்கு மேல் அமரும் ஆன் ஆர்பர் அரங்கில் பல சனிக்கிழமைகளைக் கழித்தவன். அடுத்த சில வாரங்கள் நண்பர்களிடமும் அலுவலகத்திலும் அணிக்காக வாதாடினேன். விதியைப் படிக்காமலேயே வாதாடினேன். எங்கள் பரம எதிரியான ஓஹையோ ஸ்டேட் ரசிகர்களும் அதே விதியைப் படிக்காமல்தான் எங்களைத் தாக்கினார்கள். தீர்ப்பு வந்தது 2025 ஆகஸ்ட் 15 அன்று. இடைப்பட்ட இருபத்திரண்டு மாதங்களில் இரு தரப்பும் திரும்பத் திரும்பச் செய்த பிழைகளை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அடுத்த விசாரணை வேறோர் அணி மீது வரும். அப்போதும் இதே பேச்சுகள் எழும்.

இங்கே கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம். என்.சி.ஏ.ஏ. என்பது அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுகளுக்கான தேசியச் சங்கம்.

குற்றச்சாட்டு என்ன என்பதையே தவறாகப் புரிந்துகொள்வது

இதுதான் முதல் பிழை. மற்ற எல்லாம் இதிலிருந்தே முளைக்கின்றன. ஊடகங்கள் இந்த வழக்குக்குச் ‘சைகைத் திருட்டு’ என்று பெயர் வைத்தன. அந்தப் பெயரே விவாதத்தைப் பாதி கெடுத்துவிட்டது.

ஆட்டத்தின்போது பயிற்சியாளர்கள் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று, கையசைவுகளாலும் படம் ஒட்டிய அட்டைகளாலும் அடுத்து என்ன ஆட வேண்டும் என்று வீரர்களுக்குச் சொல்வார்கள். எதிரணி அதைக் கவனித்துப் பொருள் கண்டுபிடிப்பதில் குற்றம் ஏதுமில்லை. தொலைக்காட்சி ஒளிபரப்பை ஓடவிட்டுக் கண்டுபிடிக்கலாம். களத்தில் நின்று கண்ணால் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். அதனால்தான் அணிகள் பொய்ச் சைகை காட்டுவதற்கென்றே ஆட்களை நிறுத்துகின்றன. “எல்லோரும்தான் சைகையைப் படிக்கிறார்கள்” என்று எங்கள் தரப்பு சொன்னது உண்மை. ஆனால் யாரும் சுமத்தாத குற்றத்துக்கு நாங்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

விதி எண் 11.6.1 தடுப்பது வேறொன்றை. அதே சீசனில் பின்னர் மோதவிருக்கும் அணியின் ஆட்டத்துக்கு, தன் வளாகத்தை விட்டு நேரில் சென்று வேவு பார்க்கக் கூடாது என்பதே அந்த விதி. அது 1994இல் வந்தது. செலவைக் குறைப்பதே நோக்கம். வசதியுள்ள கல்லூரிகள் வாரந்தோறும் ஊர் ஊராக ஆள் அனுப்பும். வசதியில்லாதவை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஏற்றத்தாழ்வு வேண்டாம் என்று கல்லூரிகளே சேர்ந்து எழுதிக்கொண்ட விதி அது.

மிச்சிகனில் கானர் ஸ்டேலியன்ஸ் என்ற ஊழியர் மற்ற அணிகளின் ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்கித் தெரிந்தவர்களிடம் கொடுத்தார். அவர்கள் பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து, எதிரணிப் பயிற்சியாளர்களின் சைகைகளைக் கைபேசியில் பதிவுசெய்தார்கள். மூன்று சீசன்களில் 13 எதிரணிகள், 52 ஆட்டங்கள், 56 தடவைகள் என்று என்.சி.ஏ.ஏ.வின் விதிமீறல் குழு கணக்கிட்டது. இதைப் படித்த பிறகு “எல்லோரும் செய்வதுதான்” என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆசையோடு ஆதரிக்கும் அணி என்பதால் அந்தக் கணக்கு வலித்தது.

எதிர்த்தரப்பும் இதே இடத்தில்தான் சறுக்கியது. மிச்சிகனின் வெற்றிகள் எல்லாம் திருடியவை என்றார்கள். ஸ்டேலியன்ஸ் 2023 நவம்பர் 3 அன்று பதவி விலகினார். அதன் பிறகு, நாடே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கையில், அணி பென் ஸ்டேட்டையும் ஓஹையோ ஸ்டேட்டையும் அலபாமாவையும் வென்று, 2024 ஜனவரி 8 அன்று ஹூஸ்டனில் வாஷிங்டனை 34-13 என்று தோற்கடித்துத் தேசியப் பட்டம் வாங்கியது. உடனே எங்கள் ஆட்கள் “பார்த்தீர்களா, வேவு இல்லாமலே ஜெயித்தோம், ஆகவே குற்றமில்லை” என்றார்கள். அதுவும் பிழை. பலன் கிடைத்ததா என்று விதி கேட்பதில்லை. போனாயா என்றுதான் கேட்கிறது.

இரண்டு வழக்குகளை ஒன்றாகக் குழைப்பது

தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா அந்த சீசனில் ஆறு ஆட்டங்களில் களத்தில் இல்லை. ஆறும் ஒரே குற்றத்துக்கான தண்டனை என்றே பலர் இன்றும் நினைக்கிறார்கள்.

முதல் மூன்று ஆட்டங்களுக்கு அவரை விலக்கியது பல்கலைக்கழகமே. காரணம், கோவிட் காலத்தில் தடை இருந்தபோது இளம் வீரர்களைச் சந்தித்து அணிக்கு அழைத்தது தொடர்பான பழைய வழக்கு. வழக்கமான சீசனின் கடைசி மூன்று ஆட்டங்களுக்கு விலக்கியது, மிச்சிகன் உட்படப் பல கல்லூரிகள் சேர்ந்து போட்டி நடத்தும் பிக் டென் கூட்டமைப்பு, வேவு விவகாரத்துக்காக. அந்தக் கூட்டமைப்பு வேறு, என்.சி.ஏ.ஏ. வேறு. என்.சி.ஏ.ஏ. விசாரித்து முடிக்கும் முன்பே, பண்பான விளையாட்டுக்கான தன் சொந்த விதியை வைத்துக் கூட்டமைப்பு நடவடிக்கை எடுத்தது. ‘தீர்ப்பு வருமுன் தண்டனையா?’ என்ற எங்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கோபத்தைத் தவறான வாசலில் கொண்டுபோய்க் கொட்டினோம்.

பழைய வழக்கை நாங்கள் ‘பர்கர் வழக்கு’ என்று அழைத்துச் சிறுமைப்படுத்தினோம். ஒரு பையனுக்குப் பர்கர் வாங்கிக் கொடுத்ததற்கா இவ்வளவு என்று கேட்டோம். இது பர்கரைப் பற்றிய வழக்கல்ல என்று என்.சி.ஏ.ஏ. அதிகாரி ஒருவர் 2023 ஆகஸ்டில் வெளிப்படையாகவே சொல்ல வேண்டியதாயிற்று. அதில் கனமான பகுதி, விசாரித்தவர்களிடம் ஹார்பா உண்மையாகப் பேசவில்லை என்பதுதான்.

சங்கத்தை நீதிமன்றம் என்று நினைப்பது

“சந்தேகத்தின் பலனை அளிக்க வேண்டும்”, “அரசியல் சட்ட உரிமை என்னாயிற்று?” என்று கேட்காத ரசிகர் இல்லை. என்.சி.ஏ.ஏ. அரசு அமைப்பு அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988இல், டார்க்கேனியன் வழக்கில், 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்துவிட்டது. அது உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம். குற்றவியல் வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அதற்கில்லை. பொறுப்புள்ள மனிதர்கள் முக்கியமான காரியங்களில் நம்பக்கூடிய தகவல் போதும். யாரையும் சம்மன் அனுப்பி வரவழைக்கும் அதிகாரமும் அதற்கில்லை. அதற்கு ஈடாக, ஒத்துழைக்க வேண்டியது ஊழியரின் கடமை என்ற விதியை வைத்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அதையே உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ள முடியும்.

சங்கத்தின் முறையை விமர்சிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மயாமி பல்கலைக்கழக வழக்கில், திவால் வழக்கு ஒன்றின் வழக்கறிஞர் மூலம் முறைகேடாகச் சாட்சியம் பெற்றதை என்.சி.ஏ.ஏ.வே 2013இல் ஒப்புக்கொண்டது. விசாரணைப் பிரிவின் தலைவர் வேலையிழந்தார். இப்படிக் குறிப்பான தவறைச் சுட்டினால் வாதம் நிற்கும். “அவர்களுக்கு நம்மைப் பிடிக்காது” என்றால் நிற்காது.

“அதை அழித்தால் என்ன?” என்று மறைப்பை லேசாக எடுத்துக்கொள்வது

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வேவு பார்த்ததை மன்னித்துவிடலாம் என்று சொல்லும் ரசிகர்கள் நிறைய உண்டு, அது விவாதத்துக்குரியது. ஆனால் பெரிய வழக்குகளைப் புரட்டிப் பார்த்தால், ஆட்களை வீழ்த்தியது பெரும்பாலும் பிற்பாடு நடந்த மறைப்புதான்.

2010இல் வெளிவந்த விவகாரம் ஒன்றில் ஓஹையோ ஸ்டேட் வீரர்கள் சிலர் தங்கள் பரிசுப் பொருள்களைக் கொடுத்துப் பச்சை குத்திக்கொண்டார்கள், பணமும் பெற்றார்கள். இன்று கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் வைத்துச் சம்பாதிக்க 2021 ஜூலை முதல் அனுமதி இருக்கிறது. அந்தப் பச்சை குத்தல் இப்போது செய்தியாகக்கூட வராது. தலைமைப் பயிற்சியாளர் ஜிம் டிரெஸல் பதவி விலக நேர்ந்தது, விஷயம் மின்னஞ்சல் மூலம் மாதக்கணக்கில் முன்பே தெரிந்திருந்தும் நிர்வாகத்திடம் சொல்லாமல், எனக்கு எதுவும் தெரியாது என்று கையெழுத்திட்டதால்தான்.

மிச்சிகனிலும் அதுதான் நடந்தது. செய்தி வெளியானதும் உதவிப் பயிற்சியாளர் ஷெரோன் மூர், ஸ்டேலியன்ஸுடன் பரிமாறிய 52 குறுஞ்செய்திகளை அழித்தார். அவை பின்னர் மீட்கப்பட்டன. ஸ்டேலியன்ஸ் தன் கைபேசியைக் குளத்தில் எறிந்ததாகத் தீர்ப்பு சொல்கிறது. ஆதாரங்கள் அழிக்கப்பட்டதால் திட்டத்தின் முழு அளவு ஒருபோதும் தெரியப்போவதில்லை என்றது குழு. அந்தச் செய்திகளில் எதுவும் இல்லை என்றால் ஏன் அழிக்க வேண்டும் என்று ஓஹையோ நண்பர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

தண்டனையின் பெயரைத் தப்பாகப் படிப்பது

நம்மவர்களுக்கு ஒரு தனிக் குழப்பம் உண்டு. ‘ஷோ காஸ்’ என்றால் நம் அலுவலகங்களில் விளக்கம் கேட்டு அனுப்பும் நோட்டீஸ். தண்டனைக்கு முந்தைய படி. இங்கே அதுவே தண்டனை. அந்த ஆணை பெற்ற பயிற்சியாளரை வேலைக்கு எடுக்கும் எந்தக் கல்லூரியும், அவர்மீதான கட்டுப்பாடுகளைச் செயல்படுத்த வேண்டும், இல்லையென்றால் ஏன் வேண்டாம் என்று குழுவின் முன் காரணம் காட்ட வேண்டும். நடைமுறையில் கதவு மூடிவிடும். ஹார்பாவுக்கு முதல் வழக்கில் நான்கு ஆண்டுகள், அது 2028 ஆகஸ்டில் முடிந்தவுடன் இரண்டாம் வழக்கில் மேலும் பத்து ஆண்டுகள். அவர் அதற்குள் தொழில்முறை அணியான லாஸ் ஏஞ்சலிஸ் சார்ஜர்ஸுக்குப் போய்விட்டார். அங்கே இந்த ஆணை செல்லாது.

பட்டம் பறிபோகும் என்று ஆரூடம் சொல்வது

இருபத்திரண்டு மாதங்களும் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். வெற்றிகளை ஏட்டிலிருந்து நீக்குவது பொதுவாகத் தகுதியிழந்த வீரர் ஆடியிருந்தால் வரும் தண்டனை. 2010இல் யு.எஸ்.சி. (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) 14 வெற்றிகளை இழந்தது, அதன் வீரர் ரெஜி புஷ் தகுதியிழந்தவர் என்று முடிவானதால். மிச்சிகன் வழக்கில் குற்றம் ஊழியர்களுடையது. களத்தில் ஆடியவர்களின் தகுதி கேள்விக்குள்ளாகவில்லை. பட்டம் அப்படியே இருக்கிறது.

இதற்கு ஈடாகப் பணம் கறந்தார்கள். 50,000 டாலருடன் கால்பந்துச் செலவுத்திட்டத்தில் 10 சதவீதம், அதோடு இரண்டு ஆண்டுகளில் சீசனுக்குப் பிந்தைய போட்டிகளிலிருந்து வரக்கூடிய வருவாய்க்கு ஈடான தொகை. சீசனுக்குப் பிந்தைய போட்டிகளில் ஆடத் தடை விதிக்கத் தக்க வழக்குதான் இது, ஆனால் சம்பந்தமில்லாத இன்றைய மாணவர்களை அது தண்டிக்கும் என்று குழு எழுதியது. இது பயந்து விட்டுக்கொடுத்தது என்று ஓஹையோ தரப்பில் கொந்தளித்தார்கள். அப்படி நினைப்பவர்கள் தங்கள் அணியின் 2012ஐ நினைத்துப் பார்க்கலாம்.

2011 சீசனில் ஓஹையோ ஸ்டேட் ஆறு வெற்றி, ஆறு தோல்வி என்று தடுமாறியது. பச்சை குத்திய விவகாரத்துக்காக அந்த ஆண்டே சீசனுக்குப் பிந்தைய போட்டியிலிருந்து தானாக விலகி நின்றிருக்கலாம். நிற்காமல் ‘கேட்டர் பௌல்’ என்ற அத்தகைய ஆட்டத்துக்குப் போய் அங்கேயும் தோற்றது. தடை அடுத்த ஆண்டுக்கு விழுந்தது. அந்த ஆண்டு பயிற்சியாளர் புதியவர். தவறு செய்தவர்களில் பெரும்பாலானோர் போய்விட்டார்கள். அணி ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. நவம்பர் 24 அன்று எங்களை 26-21 என்று வென்று, 12-0 என்ற கணக்கோடு அரங்கை விட்டுப் போனார்கள். தேசியப் பட்டத்துக்கு நோட்ர டேமும் அலபாமாவும் ஆடின. அந்த அணியின் இறுதியாண்டு மாணவர்களுக்கு அதற்குப் பிறகு ஆட ஒரு போட்டியும் இல்லை.