துத்தநாக சல்பைடில் மாங்கனீசு ஒளி: டயமண்ட் செல்லில் அளக்கும் முறை

டயமண்ட் செல்லில், அதாவது இரண்டு வைரங்களுக்கு நடுவே வைத்து, குறைக்கடத்திப் படிகத்தை அமுக்கும்போது அதன் ஆற்றல் இடைவெளியும் (எலெக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் பகுதி) உள்ளே கலந்த மாசணுவின் (வேற்று அணுவின்) ஒளியும் ஒரே திசையில்தான் நகரும் என்று நினைத்துவிடக் கூடாது. மாங்கனீசு கலந்த துத்தநாக சல்பைடில் ஒவ்வொரு ஜிகாபாஸ்கலுக்கும் இடைவெளி 60 மில்லி எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் கூடும். மாங்கனீசின் ஆரஞ்சு ஒளியின் ஆற்றலோ சுமார் 30 குறையும். கந்தக அயனிகள் நெருங்கி வர, மாங்கனீசைச் சுற்றியுள்ள படிகப்புலம் (அந்த அயனிகளின் மின்புலம்) வலுப்பதே காரணம். 585 நானோமீட்டரில் இருந்த ஒளி 5 ஜிகாபாஸ்கலில் 630 பக்கம் போய்விடும்.

முதலில் கேஸ்கெட், அதாவது இரண்டு வைரங்களுக்கும் நடுவே படிகத்தைச் சுற்றி நிற்கும் உலோகத் தகடு. வைர முகப்பு 500 மைக்ரான் என்றால், 250 மைக்ரான் ஸ்டீல் தகட்டை 70 மைக்ரான் வரும்வரை அமுக்கி, பள்ளத்தின் நட்டநடுவில் 200 மைக்ரான் துளை போடுங்கள். படிகத் துண்டின் தடிமன் 30 மைக்ரானைத் தாண்ட வேண்டாம். தடித்த துண்டு இரண்டு வைரத்தையும் தொட்டுவிட்டால் அழுத்தம் சமமாக இராது. அழுத்தம் ஏற ஏறத் துளை சற்றுச் சுருங்க வேண்டும். விரிந்தால் கேஸ்கெட் தடிமன் அதிகம், அங்கேயே நிறுத்துங்கள்.

அழுத்தத்தை அளக்க, 10 மைக்ரான் ரூபித் துணுக்கைப் படிகத்துக்கு அருகில், ஒட்டாமல் வையுங்கள். துளையை நிரப்பி அழுத்தத்தைச் சமமாகக் கடத்தும் ஊடகம் 4 பங்கு மெத்தனால், 1 பங்கு எத்தனால். சென்னை வெக்கையில் இது நொடியில் ஆவியாகி, துளைக்குள் குமிழிதான் மிஞ்சும். திரவத்தைக் குளிரவையுங்கள், செல்லை அல்ல. குளிர்ந்த வைரத்தில் நம் ஊர்க் காற்றின் ஈரம் படிந்துவிடும். துளை வழியும்படி சொட்டு விட்டு உடனே மூடுங்கள். மைக்ரோஸ்கோப்பில் குமிழி தெரிந்தால் மறுபடி நிரப்புவதுதான் வழி.

லேசரை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். 325 நானோமீட்டர் லேசர் தொடக்கத்தில் பளிச்சென்று ஒளி தரும். 2 ஜிகாபாஸ்கலை நெருங்குவதற்குள் இடைவெளி லேசரின் ஆற்றலைத் தாண்டிவிட, ஒளி மங்கும். அதை மாசணுவின் குணம் என்று எழுதிவிடாதீர்கள். 532 பயன்படுத்தினால் வைரத்தின் ராமன் கோடு (வைரம் லேசரைச் சிதறடிப்பதால் வரும் ஒளி) 573இல், மாங்கனீசுப் பட்டையின் மேலேயே வந்து உட்காரும். 488 மாங்கனீசை நேரடியாகத் தூண்டும், ராமன் கோடும் 522இல் ஒதுங்கி நிற்கும். மாங்கனீசின் கிளர்நிலை மில்லி நொடிக் கணக்கில் நீடிப்பதால் குறைந்த லேசர் திறனே போதும். கூட்டினால் ஒளி தெவிட்டும் (அதற்கு மேல் கூடாது), படிகமும் சூடாகும்.

ஒவ்வொரு முறை திருகை முடுக்கிய பிறகும் 15, 20 நிமிடம் பொறுங்கள். ரூபியின் ஒளியில் உள்ள இரண்டு சிவப்புக் கோடுகளில் ஒன்று 694.2 நானோமீட்டரிலிருந்து நகர்ந்த தூரத்தை 0.365ஆல் வகுத்தால் ஜிகாபாஸ்கல் கிடைக்கும். மாங்கனீசு அளவீட்டுக்கு முன்னும் பின்னும் இதை எடுங்கள். நடுவில் ஏசி நின்று அறை 24 டிகிரியிலிருந்து 34க்கு ஏறினால், அந்த வெப்பம் மட்டுமே 0.2 ஜிகாபாஸ்கல் போலக் காட்டும். எனவே செல்லிலேயே ஒரு தெர்மோகப்பிள் ஒட்டுங்கள். ரூபியின் இரண்டு கோடுகளும் அகன்று ஒன்றில் ஒன்று கலந்தால் ஊடகம் இறுகிவிட்டது என்று பொருள். இந்தக் கலவைக்கு 10 ஜிகாபாஸ்கல்தான் எல்லை. அந்த எல்லையை நெருங்கும்போது மாங்கனீசுப் பட்டை ரூபிக் கோட்டின் அடியில் புகுந்துவிடும். லேசர் புள்ளியை ரூபியிலிருந்து தள்ளி வைத்து அளவெடுங்கள்.

அழுத்தத்தை இறக்கும்போதும் அளவெடுங்கள்; புள்ளிகள் அதே கோட்டில் திரும்பாவிட்டால் முதலில் கேஸ்கெட்டையும் ஊடகத்தையும் சந்தேகியுங்கள். வரைபடத்தை ஆற்றல் அளவுக்கு மாற்றும்போது ஒளிச் செறிவை அலைநீளத்தின் வர்க்கத்தால் பெருக்க மறக்காதீர்கள். இவ்வளவு அகலமான பட்டையில் அதை விட்டுவிட்டால் உச்சியின் இடமே தவறாகிவிடும்.